முடிவின் கடமை: மாஸ் எஃபெக்ட் ஆட்டத்தொடரும் அதன் ரசிகர்களின் ஏமாற்றமும்

ஒரு கதையின் முடிவு தமக்கு ஒவ்வவில்லை என்று கண்ட ரசிகர்கள், அதைப் படைத்தவர்களிடம் சென்று வேறு முடிவு தாருங்கள் என்று கேட்கலாமா, கேட்டால் படைத்தவர்கள் இணங்கலாமா என்ற வினா பழமையானதுதான். எனினும், 2012-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 6-ஆம் தேதி வட அமெரிக்காவில் ‘மாஸ் எஃபெக்ட்’ என்னும் வீடியோ கேம் தொடரின் மூன்றாம் பாகம் வெளியாகிச் சில தினங்கள் கழிவதற்குள், முன்னைய விடைகளுக்கு அடங்காத ஒரு புதிய வடிவத்தில் அது எழுந்து நின்றது. அந்நாட்களில் கேட்ட கூக்குரலை விளையாட்டுப் பிள்ளைகளின் பிடிவாதம் என்று தள்ளிவிட்டவர்கள் ஒரு சாரார். பணம் கொடுத்து வாங்கியவன் பண்டத்தில் குறை கண்டால் மாற்றித் தரும்படி கேட்கும் உரிமையைத் தவிர இதில் வேறொன்றும் இல்லை என்று வாதித்தவர்கள் மற்றொரு சாரார். இவ்விரு சாராரும் விஷயத்தின் மையத்தைத் தொடவில்லை என்பதே என் அபிப்பிராயம். ஐந்தாண்டுக் காலம் அந்த ஆட்டம் தன்னை ஆடியவர்களுக்கு ஒரு நியதியைக் கற்பித்து வந்தது. அந்த நியதியை ஆட்டத்தின் இறுதிப் பத்து நிமிஷங்களும் மதித்திருக்க வேண்டும் என்பதே அவர்களுடைய கோரிக்கையின் சாரம்.

கனடா தேசத்து அல்பெர்ட்டா மாகாணத்தின் எட்மன்டன் நகரில், வைத்தியப் பட்டம் பெற்றவர்களான ரே மியூசிகா, கிரெக் ஸெஷுக் முதலியோர் 1995-இல் தோற்றுவித்த பயோவேர் ஸ்தாபனம், இத்தொடரின் முதற்பாகத்தை 2007 நவம்பரிலும் இரண்டாம் பாகத்தை 2010 ஜனவரியிலும் வெளியிட்டது. இடைக்காலத்தில் அந்த ஸ்தாபனம் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்னும் பெரிய நிறுவனத்தின் உடைமையாயிற்று. மூன்று பாகங்களையும் நெறிப்படுத்தியவர் கேஸி ஹட்ஸன். முதற்பாகத்துக்குப் பிரதான எழுத்தாளராக இருந்தவர் ட்ரூ கார்பிஷின். மூன்றாம் பாகத்துக்கு அப்பொறுப்பை ஏற்றவர் மாக் வால்ட்டர்ஸ். மனித குலம் நட்சத்திர மண்டலங்களுக்கிடையே சஞ்சரிக்கக் கற்றுக்கொண்டு, பலவகை அன்னிய இனங்களோடு உறவாடத் தொடங்கியிருக்கும் 22-ஆம் நூற்றாண்டில் கதை நிகழ்கிறது. ஐம்பதினாயிரம் ஆண்டுகளுக்கு ஒருமுறை இருளிலிருந்து வந்து, நாகரிகம் எய்திய உயிரினங்களையெல்லாம் அறுவடை செய்துகொண்டு போகும் ரீப்பர்கள் என்னும் பிரம்மாண்டமான இயந்திர ஜீவிகள் மறுபடியும் வருகின்றன என்பதை முதலில் உணர்ந்து, நம்ப மறுக்கும் உலகத்தை நம்பவைக்கப் போராடும் தளபதி ஷெப்பர்டாக, ஆடுபவரே கதைக்குள் பிரவேசிக்கிறார். அந்தத் தளபதி ஆணா பெண்ணா, எத்தகைய முகம், எத்தகைய பூர்வ சரித்திரம், கருணையுள்ளவரா கடுமையானவரா என்பனவெல்லாம் ஆடுபவர் தீர்மானிக்க வேண்டியவை.

இவ்வளவும் வேறு ஆட்டங்களிலும் உண்டு. மாஸ் எஃபெக்டை மற்றவற்றிலிருந்து வேறுபடுத்தியது, ஒரு பாகத்தை முடித்தபின் எஞ்சும் சேமிப்புக் கோப்பை அடுத்த பாகத்துக்குள் கொண்டுசெல்லலாம் என்ற ஏற்பாடு. 2007-இல் ஓர் இரவில் ஆடுபவர் செய்த முடிவு, 2012-இல் அவர் ஆடும் கதையில் பலனாக வந்து எதிர்ப்படும் என்பதே படைத்தவர்கள் அளித்த வாக்குறுதி. வர்மயர் என்னும் கிரகத்தில், ஆஷ்லி, கெய்டன் என்ற இரு தோழர்களில் ஒருவரை மாத்திரமே காப்பாற்ற இயலும். மற்றவர் இறந்துபோவார், பிறகு எந்தப் பாகத்திலும் திரும்பி வரமாட்டார். அதே இடத்தில், சினங்கொண்ட குரோகன் வீரனாகிய ரெக்ஸைச் சமாதானப்படுத்தத் தெரியாதவர்கள் அவனையும் இழந்தார்கள். இரண்டாம் பாகத்தின் இறுதியில், திரும்பி வருவோமா என்ற நிச்சயமற்ற படையெடுப்பொன்று வருகிறது. அதற்கு முன் ஒவ்வொரு தோழரின் மனக்குறையையும் கேட்டறிந்து தீர்த்து வைத்தாரா, கப்பலைச் செப்பனிட்டாரா, தக்க காரியத்துக்குத் தக்க ஆளை நியமித்தாரா என்பவற்றைப் பொறுத்து எல்லோரும் உயிரோடு திரும்பலாம், எல்லோரும் மாளலாம், ஷெப்பர்டே மாளலாம். ஷெப்பர்ட் மாண்டுபோன கோப்பை மூன்றாம் பாகத்துக்குக் கொண்டுபோக முடியாது. சாவு சாவாகவே இருந்தது. அசட்டையாக இருந்தவருக்குத் தண்டனையும் அக்கறை காட்டியவருக்குப் பலனும் கிடைக்கும் என்ற நீதியை, கதாபாத்திரங்களின் வாயிலாகப் போதிக்காமல், ஆடுபவர் தம் கைப்பட அனுபவித்து அறியும்படி செய்த அந்த இரண்டாம் பாகத்து இறுதிக் கட்டத்தை இத்துறையின் தலைசிறந்த சாதனைகளில் ஒன்றாகவே நான் மதிக்கிறேன்.

மூன்றாம் பாகமும் பெரும்பகுதி அந்த வாக்கைக் காப்பாற்றிற்று என்பதை, பிற்பாடு எழுந்த சச்சரவின் இரைச்சலில் பலர் மறந்துவிட்டார்கள். குரோகன் இனத்தின்மீது பல தலைமுறைகளுக்கு முன் ஏவப்பட்ட ஜெனோஃபேஜ் என்னும் கொடிய நோய், அவர்களுக்குப் பிறக்கும் சிசுக்களில் மிகப் பெரும்பாலானவற்றை உயிரற்றுப் பிறக்கச் செய்துகொண்டிருந்தது. அந்நோய் வலுவிழக்காமல் இருக்கும்படி அதைப் புதுப்பித்தவர்களுள் ஒருவராகிய மார்டின் ஸோலஸ் என்ற விஞ்ஞானி, தம் செய்கை நியாயமே என்று இரண்டாம் பாகத்தில் வாதிட்டுக்கொண்டிருந்தவர், மூன்றாம் பாகத்தில் டுசாங்கா கிரகத்தின் எரியும் கோபுரத்தில் தனியாக ஏறி, அந்த இனத்துக்கு விமோசனம் அளித்துத் தம் உயிரைக் கொடுக்கிறார். ரெக்ஸ் உயிரோடிருக்கிறானா இல்லையா, இரண்டாம் பாகத்தில் ஒரு சோதனைச் சாலைக் குறிப்புகளை ஆடுபவர் அழித்தாரா காத்தாரா என்பவற்றைப் பொறுத்து அந்தத் தியாகத்தின் அர்த்தமே மாறிவிடும். ரன்னாக் கிரகத்திலோ, தம்மைப் படைத்த குவாரியன் மக்களை விரட்டிவிட்டு அவர்கள் பூமியில் தாமே குடியிருக்கும் கெத் என்னும் இயந்திர இனத்துக்கும், முந்நூறு வருஷங்களாகக் கப்பல்களிலேயே அகதிகளாக அலைந்த அந்தக் குவாரியன்களுக்கும் இடையே, முன் பாகங்களில் சிந்தித்து நடந்துகொண்ட ஆடுபவர் சமாதானம் செய்துவைக்கலாம். மற்றவர் இரண்டில் ஓர் இனம் அழிவதைக் கண்ணாற் காண நேரும். படைத்தவனும் படைக்கப்பட்ட இயந்திரமும் ஒரே மண்ணில் சேர்ந்து வாழ ஆரம்பிக்கும் அந்தக் காட்சி, மூன்று பாகங்களின் உழைப்புக்கும் கிடைத்த உத்தமமான பலன்.

இத்தகைய கட்டங்களைக் கடந்து, லண்டன் மாநகரத்தின் இடிபாடுகளில் கடைசி யுத்தத்தை நடத்தி, குற்றுயிராக ஆகாயக் கோட்டையை அடையும் ஷெப்பர்ட் முன்பு, அதுவரை கதையில் பெயரளவில் மட்டுமே வழங்கி வந்த கேடலிஸ்ட், ஒரு சிறுவனின் ஒளியுருவில் தோன்றுகிறது. இயந்திரங்கள் எப்போதும் தம்மைப் படைத்தவர்களை அழித்தே தீரும். அந்தப் பேரழிவைத் தடுப்பதற்காகவே முதிர்ந்த நாகரிகங்களை ரீப்பர்கள் அவ்வப்போது அறுவடை செய்கின்றன என்று அது விளக்கம் சொல்லி, மூன்று மார்க்கங்களைக் காட்டுகிறது: ரீப்பர்களையும் அவற்றோடு சகல இயந்திர உயிர்களையும் அழித்தல். தன்னைப் பலியிட்டு ரீப்பர்களை அடக்கி ஆளுதல். ஜீவனையும் இயந்திரத்தையும் ஒன்றாகக் கலந்துவிடுதல். எதைத் தேர்ந்தாலும் ஒரு பேரொளி பரவுகிறது. அது முறையே சிவப்பு, நீலம், பச்சை. நட்சத்திரங்களை இணைத்துவந்த ரிலே நிலையங்கள் வெடிக்கின்றன. ஷெப்பர்டின் நார்மண்டிக் கப்பல் ஓர் அறியாத கிரகத்தில் வந்து வீழ்கிறது. தோழர்கள் வெளியே வருகிறார்கள். பல காலத்துக்குப் பின் ஒரு முதியவர் ஒரு பாலகனுக்கு இக்கதையைச் சொல்வதாக ஒரு சிறு காட்சி வருகிறது; அம்முதியவருக்குக் குரல் கொடுத்தவர் சந்திரனில் நடந்த பஸ் ஆல்ட்ரின். அவ்வளவுதான் அன்று கிடைத்த முடிவு.

இதன்மேல் சொல்லப்பட்ட ஆட்சேபங்களில் தரம் பிரித்துப் பார்க்க வேண்டியவை பல. ஷெப்பர்ட் சாகலாகாது என்று கேட்டவர்களும் இருந்தார்கள். ஆனால் மார்டின் ஸோலஸின் மரணத்தை மனமார ஏற்று உருகியவர்களும் இதே ரசிகர்கள்தாம் என்பதால், சோகத்தைத் தாங்கமாட்டாதவர்கள் என்ற பழி அவர்கள்மேல் ஒட்டாது. இயந்திரமும் ஜீவனும் ஒருபோதும் இணங்கி வாழா என்று கேடலிஸ்ட் கூறும்போது, சில மணி நேரத்துக்கு முன்புதான் ரன்னாக்கில் அவ்விணக்கத்தைத் தம் கையால் சாதித்த ஆடுபவர், அதை எடுத்துச் சொல்லி மறுத்துரைக்க ஒரு வார்த்தைகூட ஆட்டம் இடங்கொடுக்கவில்லை. மூன்று பாகங்களிலும் எதிரிகளைக்கூடப் பேசித் திருத்திய ஷெப்பர்ட், அண்டத்தின் விதி தீர்மானமாகும் நேரத்தில் மௌனியாகிக் கேட்டுக்கொண்டு நிற்கிறார். இதுவே எல்லாக் குறைகளிலும் தலையாயது. மற்றக் குறைகள் இருந்திராவிட்டாலும் இதொன்றே அந்த முடிவைக் குற்றவாளியாக்கப் போதும். மேலும், ஒரு ரிலே நிலையம் வெடித்தால் அது இருக்கும் சூரிய மண்டலம் முழுவதும் நாசமாகும் என்பதை, 2011-இல் வந்த ‘அரைவல்’ என்ற துணைப் பகுதியில் பயோவேரே காட்டியிருந்தது. அக்கணக்கின்படி, எல்லா ரிலேக்களும் வெடித்தபின் காப்பாற்றப்பட்ட உலகம் எங்கே மிஞ்சும் என்ற கேள்விக்கு விடையில்லை. லண்டன் போர்க்களத்தில் ஷெப்பர்டின் பக்கத்தில் ஓடி வந்த தோழர் எவ்வாறு நார்மண்டியில் ஏறினார், யுத்தத்தின் நடுவே அக்கப்பல் ஏன் ஓடிற்று என்பவற்றுக்கும் அப்படியே.

மூன்று நிறங்களைப் பற்றிய பரிகாசம் பிரசித்தமானது; அதன் அடியில் இருந்த நியாயம் இதுதான்: ராக்னி என்னும் அன்னிய இனத்தின் ராணியைக் கொன்றவர், காத்தவர், கெத்துக்களை அழித்தவர், வாழவைத்தவர் யாவரும் ஏறக்குறைய ஒரே காட்சியைக் கண்டார்கள். செய்த உதவிகளெல்லாம் ‘போர் வளம்’ என்ற ஓர் எண்ணிக்கையாகக் கரைந்து போயின. அந்த எண்ணிக்கையும் பாதியளவே கணக்கில் கொள்ளப்படும், பலர் கூடி ஆடும் தனிப் பகுதியில் கலந்துகொண்டால்தான் உயரும் என்ற விதி, தனியாகக் கதையை மாத்திரம் அனுபவிக்க விரும்பியவர்களை வருத்திற்று. வெளியான அன்றே, புரோத்தியன் இனத்தவனாகிய ஒரு முக்கியமான தோழனைப் பத்து டாலர் தனி விலையில் விற்றதும், கதை முடிந்து கண் கலங்கியிருப்பவர் முன் இன்னும் துணைப் பகுதிகளை வாங்கிக் கதையைத் தொடரலாம் என்று பொருள்படும் ஓர் அறிவிப்பைக் காட்டியதும் வியாபாரத்தின் காரியங்கள். கலையின் குறையோடு இவையும் சேர்ந்து கோபத்தை மிகுவித்தன. வெளியீட்டுக்கு முன்பு, இந்த முடிவு ஏ, பி, சி என்று ஒன்றைப் பொறுக்கும் விதமாக இராது என்று கேஸி ஹட்ஸன் பேட்டியில் உறுதி கூறியிருந்தார். எல்லோரும் ஊகித்துப் பேசும்படி முடிவு இருக்க வேண்டும் என்ற குறிப்பொன்று, ஆட்டம் உருவான விதத்தைச் சொல்லும் ஒரு வெளியீட்டின் மூலம் பின்னர் வெளிப்பட்டது. ஊகத்துக்கு இடம் வைப்பது கலையில் உயர்ந்த உத்திதான். எனினும் நூறு கேள்விகளுக்குத் தான் விடை சொல்வதாக ஒப்புக்கொண்ட ஒரு படைப்பு, கடைசி வாயிலில் நின்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லுமாயின், அதைப் பூடகம் என்று போற்ற எனக்கு மனம் வரவில்லை.

‘ரீடேக் மாஸ் எஃபெக்ட்’ என்ற பெயரில் ஒன்றுகூடிய ரசிகர்கள், தம் குறை பகையல்ல என்று காட்டுவதற்காக, ஆஸ்பத்திரியில் கிடக்கும் குழந்தைகளுக்கு விளையாட்டுப் பொருள்கள் வழங்கும் ‘சைல்ட்ஸ் பிளே’ என்ற தர்ம ஸ்தாபனத்துக்கு 80,000 டாலருக்கு மேல் திரட்டிக் கொடுத்தார்கள். கொடுப்பவர்களுள் சிலர் அப்பணம் புதிய முடிவுக்குப் போகிறது என்று நினைத்துவிட்டதால், வசூலை நிறுத்தும்படி அந்த ஸ்தாபனமே கேட்க நேர்ந்தது. சிவப்பு, நீலம், பச்சை எனப் பூச்சு மாத்திரம் வேறுபட்டு, உள்ளே ஒரே சுவையுள்ள சுமார் நானூறு கப்கேக்குகளைச் செய்வித்து எட்மன்டன் அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். அமெரிக்க வர்த்தக ஆணைக்குழுவிடம் விளம்பரம் பொய்த்ததென்று புகார் கொடுத்தவரும் உண்டு. ஆனால் பயோவேரில் வேலை செய்தவர்களைத் தனித்தனியே குறிவைத்து இழிசொற்களைப் பொழிந்தவர்களும் அந்த மாதங்களில் இருந்தார்கள். ஒரு கதையின்மேல் கொண்ட அன்பு மனிதரை அவமதிக்கும் உரிமையை யாருக்கும் தருவதில்லை, அவர்களுக்கு இங்கே நான் நியாயம் பேச வரவில்லை.

படைப்பாளியின் சுதந்திரத்தை எடுத்துக்காட்டியவர்களுக்கு விடை சொல்ல இலக்கிய சரித்திரம் வேண்டிய உதாரணங்களைத் தருகிறது. 1893-இல் ஷெர்லக் ஹோம்ஸைக் கொன்ற கானன் டாயில், 1903-இல் அவரை உயிர்ப்பித்தார். டிக்கன்ஸ் 1861-இல் ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ நாவலின் முடிவை ஒரு நண்பரின் யோசனையால் அச்சேறுமுன் மாற்றினார். கணினி ஆட்டத்திலேயே, 2008-இல் வந்த ‘ஃபால்அவுட் 3’ ஆட்டத்தில், கதிர்வீச்சால் பாதிக்கப்படாத தோழன் பக்கத்தில் நிற்க, ஆடுபவரோ வேறொரு மனிதரோ கதிர்வீச்சுக் கூடத்துக்குள் சென்று மடிய வேண்டியிருந்த அர்த்தமற்ற முடிவை, அடுத்த ஆண்டே பெதஸ்டா ஸ்தாபனம் ஒரு துணைப் பகுதியால் திருத்திற்று. முடிவை மாற்றுவது கலைக்கு அபசாரம் என்ற பேச்சு இவற்றின் முன் நிற்காது. மாஸ் எஃபெக்டின் விசேஷம் வேறொன்று: நாவலைப் படிப்பவர் எழுதப்பட்டதை ஏற்கிறார், இவ்வாட்டத்தை ஆடியவரோ, பல நூறு தீர்மானங்களால் அதன் கதையை அதை எழுதினவரோடு சேர்ந்து ஆக்கியிருக்கிறார். கூட்டாகச் செய்த பயிரின் பலனைக் கேட்பவனை, பிறர் வயலில் புகுந்தவன் என்று சொல்வது முறையாகாது.

பயிர் என்றதும், நாடகத்தின் ஐவகைச் சந்திகளைச் சிலப்பதிகார உரையில் விளக்கப் புகுந்த அடியார்க்கு நல்லார், முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல் என்ற ஐந்தையும் உழவுத் தொழிலோடு பொருத்திக் காட்டியது நினைவுக்கு வருகிறது. இட்ட வித்து முளைத்து, இலை விட்டு, கருவுற்று, விளைந்து முற்றியதோடு அவர் நிறுத்தவில்லை. விளைந்ததை அறுத்து, போரடித்து, தூற்றி, வீட்டுக்குக் கொண்டுபோய் உண்டு மகிழ்வதையும் தனியொரு சந்தியாக எண்ணினார். மாஸ் எஃபெக்டின் மூன்றாம் பாகத்துக்கு வந்த குறையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. டுசாங்காவும் ரன்னாக்கும் விளைவுகள். விளைவு குறைவின்றியே இருந்தது. துய்த்தல் என்ற ஐந்தாவது சந்திதான் இல்லாமற் போயிற்று. நோய் நீங்கிய குரோகன்களின் குழந்தைகளை ஆடுபவர் காணவில்லை. சொந்த மண்ணில் வீடு கட்டும் குவாரியன்களைக் காணவில்லை. தோழர்கள் துக்கம் காப்பதைக்கூடக் காணவில்லை. இன்பமானாலும் துன்பமானாலும் துய்க்கக் கொடுக்க வேண்டியது நாடகத்தின் கடமை.

இக்குறை நேர்ந்ததற்குக் காரணங்களைத் தேடும்போது, தனி மனிதரின் அகம்பாவத்தைவிடத் தொழிலின் இயல்பே பெரிதாகத் தோன்றுகிறது. ஒவ்வொரு தீர்மானமும் கதையை இரண்டாகக் கிளைக்கச் செய்வதால், கிளைகள் பெருகிப் பெருகி, ஒவ்வொன்றுக்கும் தனிக் காட்சி அமைத்து, தனிக் குரல் பதிந்து, தனி அசைவு வரைந்து முடிப்பது எந்தப் பொருட்செல்வத்துக்கும் அப்பாற்பட்டதாகிவிடும். ஆகவே ஆட்டம் செய்பவர்கள் கிளைகளை இடையிடையே ஒரே மரத்தண்டில் மீண்டும் இணைத்துவிடுவது வழக்கம். ராக்னி ராணியைக் கொன்றிருந்தாலும் அவளைப் போன்ற மற்றொன்று மூன்றாம் பாகத்தில் தோன்றுவது இவ்வழக்கத்தினால்தான். தொடரின் நடுவில் இது பொறுக்கத்தக்கது, பின்னால் கணக்குத் தீரும் என்று ஆடுபவர் நம்பியிருப்பார். கடைசிப் பாகத்துக்கோ பின் என்பது இல்லை. பின்னே வரும் பாகத்துக்காக இடங்கொடுக்க வேண்டாத நிலையில் கிளைகளைத் தாராளமாக விரியவிட்டிருக்கலாம். அதற்குக் காலம் வேண்டும். 2011 இறுதியில் வரவேண்டிய ஆட்டம் ஒருமுறை 2012-இன் முதல் மாதங்களுக்கு ஒத்திவைக்கப்பட்டது. அந்த அவகாசமும் போதவில்லை என்றே முடிவின் அமைப்பைப் பார்க்கையில் நினைக்கத் தோன்றுகிறது.

மார்ச் 21-ஆம் தேதி ரே மியூசிகா ரசிகர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஏப்ரல் 5-இல் விரிவான முடிவு வரும் என்ற அறிவிப்பு வந்தது. ஜூன் 26-இல் ‘எக்ஸ்டெண்டட் கட்’ இலவசமாக வெளியாயிற்று. அதில் ரிலேக்கள் அடியோடு வெடிக்கவில்லை, பழுதடைகின்றன. போர்க்களத்தில் காயம்பட்ட தோழர்களை நார்மண்டி வந்து ஏற்றிச் செல்லும் காட்சி சேர்ந்தது. ஒவ்வோர் இனத்தின் பிற்கால வாழ்வும், ஆடுபவரின் முன்னைய தீர்மானங்களுக்கு ஏற்ப, சித்திரங்களாகவும் உரையாகவும் காட்டப்பட்டது. கேடலிஸ்டின் மூன்று மார்க்கங்களையும் மறுத்துவிடும் நாலாவது வழியும் திறந்தது, அவ்வழியில் இந்தத் தலைமுறை தோற்று, விட்டுச்சென்ற அறிவினால் அடுத்த தலைமுறை வெல்லும். அடிப்படை மாறவில்லை: ரன்னாக்கைச் சாட்சியாக நிறுத்திக் கேடலிஸ்டின் தத்துவத்தை வெல்ல இன்றும் வழியில்லை. ஆனாலும் விடுபட்ட சந்தியின் ஒரு பகுதி கிடைத்துவிட்டது. 2013 மார்ச்சில் வந்த ‘ஸிட்டடெல்’ என்ற பகுதியோ, பழைய தோழர்களெல்லாம் ஒரு வீட்டில் கூடி உண்டு, குடித்து, பரிகசித்து, இரவைக் கழிக்கும் விருந்தைக் கொடுத்து, துய்த்தலைக் கதையின் இறுதிக்கு முன்பே கொண்டுவந்து வைத்தது. படைத்தவர்கள் தம் ரசிகர்களுக்குச் செலுத்திய மெய்யான மரியாதை அதுவே என்பேன்.

அந்த முடிவு உண்மையல்ல, ரீப்பர்களின் மாயையில் ஷெப்பர்ட் கண்ட கனவு என்று நிறுவ, காட்சி காட்சியாக ஆராய்ந்து ரசிகர்கள் அமைத்த வாதமொன்றும் அந்நாட்களில் பரவியிருந்தது. அதை நான் ஏற்கவில்லை. எனினும், தமக்கு ஏமாற்றம் தந்த படைப்பையே உயர்த்திப் பொருள் சொல்ல அவ்வளவு உழைத்தவர்களை வெறும் குறைகூறிகள் என்று எண்ணுவது பெரும் அநியாயம்.

2017-இல் வந்த அடுத்த ஆட்டமாகிய ‘ஆண்ட்ரோமீடா’, இம்முடிவுக்கு முன்பே புறப்பட்டு அறுநூறு ஆண்டுகள் பயணம் செய்து வேறொரு நட்சத்திர மண்டலத்தை அடைந்தவர்களைப் பற்றியது; மூன்று முடிவுகளில் எது மெய் என்று சொல்லும் பொறுப்பு அதற்கு நேரவில்லை. 2021 மே 14-இல் மூன்று பாகங்களும் ‘லெஜண்டரி எடிஷன்’ என்று ஒன்றாக மறுபடி வந்தபோது, விரிவான முடிவே மூலத்தில் சேர்க்கப்பட்டது. பலர் கூடி ஆடும் பகுதி நீக்கப்பட்டது. இனிமேல் இத்தொடரை முதன்முறையாக ஆடத் தொடங்குகிறவர்கள், முதற்பாகத்தின் கோப்பை இடையில் இழந்துவிடாமல் மூன்றாம் பாகம்வரை கொண்டுசென்று, கடைசிப் படையெடுப்புக்குப் புறப்படுமுன் ஸிட்டடெல் விருந்தை அவசியம் நடத்திவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.